நீல வண்டிக்கு ஒரு பாகம்

பூசை முடிந்து ரோஸ்மேரி வீட்டுக்குள் கால் வைத்தபோதே ஃபிரிட்ஜின் மேல் கிடந்த போன் மறுபடியும் கூவியது. கார் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம். அது அவள் கணவன் ஹென்றியின் போன். அவன் இறந்து முப்பதாம் நாள் பூசையும் போன வாரம் வைத்தாகிவிட்டது. போன் மட்டும் சார்ஜில் கிடந்தது. காஸ் புக் பண்ணுவது, பேங்க்கிலிருந்து செய்தி வருவது எல்லாம் அந்த நம்பருக்குத்தான் என்று கேட்டவர்களிடம் அவள் காரணம் சொல்லி வைத்திருந்தாள்.

"அம்மா, அத்த நிறுத்தித் தொலையேன். காலைலேர்ந்து நொய்யி நொய்யின்னு கத்திகினே கீது" என்றாள் மகிமா. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமையிலும் டியூட்டி. நின்றபடியே இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னாத்த நிறுத்தறது? எத்த தொட்டாலும் ஒரு காரு வந்து நிக்குது."

மகிமா இடது கையால் போனை எடுத்துப் பார்த்தாள். "அப்பா ஆடுவாரே, அந்த ரேஸ் கேம். பரிசாம். மூணு பார்ட்ஸ் காட்டி ஒண்ணு எடுத்துக்கோன்னு சொல்லுது. இன்னிக்கு சாயங்காலத்தோட கெடு. எடுக்கலன்னா போயிடும்."

"இன்னா மூணு?"

"டர்போ, பிரேக்கு, சஸ்பென்ஷன். எத்தையாவது அமுக்கு. இல்ல, கேமையே தூக்கிடவா? சத்தம் நின்னுடும்."

"தூக்காத."

அவள் சொன்ன வேகத்தில் மகிமா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

ரோஸ்மேரி கட்டிலில் உட்கார்ந்தாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டின்போது ஹென்றி இதைப் பற்றிச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. பெரிய பந்தயம் ஒன்றை முழுசாக ஓட்டி முடித்ததற்குப் பரிசாம். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமாம். "அவசரப்படக் கூடாது ரோஸி. ஒரு தபா எடுத்தா எடுத்ததுதான், மாத்த முடியாது" என்று சொல்லி, குழம்பை ஊற்றிக்கொண்டான். எதை எடுக்கப் போகிறான் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது.

இந்த ஒரு மாதத்தில் அவளிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு எது பிடிக்கும்? சவப்பெட்டி எந்த நிறம், போட்டோவில் எந்தச் சட்டை, பூசைக்கு எந்தப் பாட்டு, கல்லறையில் எந்த வசனம். மருந்துக் கடையில் வேலைக்கு நிற்கும்போதுகூட யாராவது போன் பண்ணிக் கேட்டார்கள். அவளும் ஏதோ ஒன்றைச் சொன்னாள். சொன்னதில் பாதி அவளுக்கே நிச்சயமில்லை. ஹென்றி தனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டியைப் பற்றி எவன் முன்கூட்டிச் சொல்லி வைப்பான்? அவன் உட்கார்ந்து யோசித்து, முடிவெடுக்காமல் விட்டுப்போனது இது ஒன்றுதான். இதையாவது அவன் எடுத்திருக்கக்கூடியபடியே எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குமேல் யாரும் எதையும் கேட்காமல் இருந்தால் போதும்.

"இங்க வா. அவரு காரக் காட்டு" என்றாள் மகளிடம்.

மகிமா பக்கத்தில் உட்கார்ந்து திரையைத் தள்ளினாள். ஒரு ஒர்க்ஷாப் வந்தது. நடுவில் பெட்டி மாதிரி ஒரு பழைய நீலக் கார். சுற்றிலும் பளபளவென்று தாழ்ந்து படுத்த கார்கள் எத்தனையோ இருக்க, அதைப் போய் எடுத்திருந்தான். காருக்குக் கீழே வரிசையாகக் கோடுகள்: இன்ஜின், கியர், டயர், பிரேக். எந்தப் பாகத்தில் எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மகிமாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்பாவப் பாரேன். இன்ஜின்ல ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருக்காரு. எல்லாத்தையும் பிரேக்குலயும் டயர்லயும் கொட்டி வெச்சிருக்காரு. ரேஸ் காருக்கு எவனாச்சும் மொதல்ல பிரேக் போடுவானா? ட்ரெய்லர்னு நெனச்சுக்கினாரு போல."

ஹென்றி சேர்ந்திருந்த கிளப்பையும் திறந்து காட்டினாள். 'ட்ரெய்லர் தோஸ்துங்க' என்று பெயர். எல்லாரும் ஹென்றியைப்போலத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள். ஒவ்வொருவர் காரையும் தொட்டுப் பார்த்தால் அதே கதை. பிரேக் நிறைந்து வழிந்தது, இன்ஜின் காய்ந்து கிடந்தது. பட்டியலில் கிளப் கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றது.

"கடசி ஆளு யாருன்னு தெர்ல, பாவம்" என்று சிரித்துக்கொண்டே வந்த மகிமா திடீரென்று நிறுத்தினாள். "அம்மா."

"இன்னா?"

"அப்பா நேத்து ரேஸ் ஓட்டினதா போட்டிருக்கு."

ரோஸ்மேரிக்குப் புரியவில்லை. மகிமா திரையை மேலும் கீழும் தள்ளினாள். நேற்று ஒன்று. போன வாரம் ஒன்று. அதற்கு முந்தின வாரமும் ஒன்று. வாரம் தவறாமல் ஹென்றியின் நீலக் கார் பந்தயத்தில் ஓடியிருந்தது.

"யாரோ அப்பா பேர்ல உள்ள பூந்து ஆடறாங்கம்மா. நேத்து பிரேக்லேர்ந்து ஒரு படி கழட்டி இன்ஜின்ல வேற போட்டிருக்காங்க. பாஸ்வேர்ட மாத்திடறேன், இரு."

"யாருன்னு தெரியாம எத்த மாத்தறது? வுடு. நீ கெளம்பு, பஸ் போயிடும்."

மகிமா போனதும் வீடு அமைதியாகிவிட்டது. ரோஸ்மேரி வெகுநேரம் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரேக் ஃபுல்லு, பார்" என்று ஒரு முறை ஹென்றி காட்டியிருந்தான். அப்போது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இப்போது அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவனுடைய சட்டைகளைக் கோயிலில் கொடுத்தபோதுகூட அவளுக்கு இப்படி வயிறு எரியவில்லை. கொடுத்தது அவள் கை. இது யார் கை?

ஹென்றியின் சிநேகிதர்களில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர் சௌக்கத் அலி ஒருவர்தான். அவனைவிட மூத்தவர், ஒரே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவர். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். அவருக்குத் தன் போனிலிருந்து அடித்தாள்.

"பாய், அவரு போன்ல இருக்கற கேம்ல யாரோ..."

அவள் முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அப்ப நீதானா தங்கச்சி உள்ள வந்தது? அல்லா! இங்க எங்களுக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு."

"எங்க கீறீங்க?"

"திருவொத்தியூர்ல. கடலோர ரோட்ல. எல்லையம்மன் கோயில் தாண்டி ஹார்பர் வரிசைல நிக்கறேன். காலைலேர்ந்து ரெண்டு வண்டி நீளம் நவுந்திருக்கும்."

"அங்கியே இருங்க, வரேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அவர் வேறெங்கே போக முடியும் என்று தோன்றியது.

எண்ணூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இறங்கிக் குறுக்குத் தெரு வழியாகக் கடலோரச் சாலைக்கு வந்தாள். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்பால் கடல். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை கன்டெய்னர் வண்டிகள், ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு. சில வண்டிகளின் அடியில் பாயைப் போட்டு டிரைவர்கள் தூங்கினார்கள். ஒரு வண்டியின் அடியில் சீட்டாட்டம். டீசல் வாடையும் மீன் குழம்பு வாடையும் சேர்ந்தே வந்தன. இந்தச் சாலையில் எங்கோ ஓரிடத்தில்தான் ஹென்றி இறந்தான். எந்த இடம் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்பதாக இல்லை.

சௌக்கத் அலி கைலியும் பனியனுமாக எதிரே வந்து கூட்டிப்போனார். அவர் வண்டியின் நிழலில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. ஸ்டவ் முன்னால் குந்தியிருந்தவன் ஜோபின். குமரி மாவட்டத்துக்காரன், அந்த வரிசையில் வயதில் சிறியவன். அவளைக் கண்டதும் கரண்டியோடு எழுந்தான்.

"எக்கா, வாங்க. சத்தியமா சொல்லுதேன், காலைல ஈரக்கொல நடுங்கிட்டு. ஹென்றியண்ணன் பேருக்குப் பக்கத்துல பச்ச வெளக்கு எரியுது. பாய்தான் உள்ள போயிருக்காருன்னு நெனச்சு அவருக்கு அடிச்சேன்."

"நான் தூங்கிகினு கீறேன். இவன்தான் தன் போன்லேர்ந்து ஆடிகினு இருப்பான்னு நெனச்சா, நான் இல்லன்றான்" என்றார் சௌக்கத் அலி. "ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினு நிக்கறோம். இவன் சிலுவ போட்டுகினான். நான் என் பங்குக்கு ஓத ஆரம்பிச்சேன்."

பக்கத்து வண்டியில் படுத்திருந்த ஒருவன், "பேய் வந்தாலும் இந்த வரிசைல வந்து நிக்குமாடா? பொறுமை வேணும்ல" என்று குரல் கொடுத்தான். சிரிப்பு எழுந்து, ரோஸ்மேரி சிரிக்கவில்லை என்று கண்டதும் அடங்கியது.

"அப்ப நீங்கதான் ஓட்டறீங்க" என்றாள் அவள்.

"ஆமா தங்கச்சி. நாந்தான். என் கைல வேலையிருந்தா இவன். பாஸ்வேர்டு அவனே எப்பவோ குடுத்து வெச்சது."

"எதுக்கு?"

சௌக்கத் அலி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டி அவள் பக்கம் தள்ளினார். காகிதக் கப்பில் டீ வந்தது. அவர் தரையில், டயரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வாரத்துல ஒரு பந்தயமாச்சும் ஓட்டலன்னா கிளப்லேர்ந்து பேரத் தூக்கிடும். தானா தூக்கிடும், யாரையும் கேக்காது. அதான்."

"தூக்கினா தூக்கிட்டுப் போவுது. ஆளே இல்ல."

"இந்த வரிசைல ஒரு பழக்கம் கீது தங்கச்சி. தூங்கறவன எழுப்ப மாட்டோம். ராவெல்லாம் முழிச்சு வந்திருப்பான். சாவி வண்டிலயே தொங்கும். முன்னாடி வண்டி நவுந்திச்சின்னா, பின்னாடி கீறவன் எறங்கி வந்து, அவன் வண்டில ஏறி, ஒரு வண்டி நீளம் நவுத்தி வுட்டுட்டு, அப்பறம் தன் வண்டிய நவுத்துவான். அவன் எழுந்துக்கினா எடம் மாறியிருக்கும், அவ்ளோதான். எனக்கு ஹென்றி எத்தினியோ தபா நவுத்தியிருக்கான்."

அவர் டயரின் பள்ளத்தில் சிக்கியிருந்த ஒரு கூழாங்கல்லை நகத்தால் நெம்பினார். அது வரவில்லை.

"அன்னிக்கு அவன் படுத்திருந்தா யாராச்சும் ஏறியிருப்போம். சீட்ல உக்காந்துகினு இருந்தான். கைல போனு. தல குனிஞ்சிருக்கு. கேம் ஆடிகினு கீறான்னு ஹாரன் அடிச்சோம்."

"நான்தான் அடிச்சேன்" என்றான் ஜோபின். "பின்னால என் வண்டிதான். கெட்ட வார்த்தையும் சொன்னேன்." அவன் ஸ்டவ்வைப் பார்த்தே பேசினான்.

ரோஸ்மேரிக்கு இது புதிதல்ல. போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் துண்டு துண்டாகக் கேட்டிருந்தாள். டாக்டர் ஒருவர், இதயம் கண நேரத்தில் நின்றிருக்கும், வலி தெரிந்திருக்காது என்று சொன்னார். அவர் எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது கேட்கும்போதும் கோபம் வரவில்லை. வருவதற்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

"சரி பாய். ஓட்டினீங்க. பிரேக்க ஏன் கழட்டினீங்க?"

சௌக்கத் அலியின் முகம் மாறியது. "பிரேக்கா? யாரு கழட்டினது?"

ஜோபின் கரண்டியைக் கீழே வைத்தான்.

"டேய்."

"பாய், ஒரு படிதான். காரு நவுரவே மாட்டேங்கு. நாப்பது டன் ஏத்தின மாதிரி கெடக்கு. எல்லாரும் முடிச்சிட்டு டீ குடிச்சிட்டிருக்கானுவ, இது அப்பதான் ரெண்டாவது வளைவுல வருது. ஹென்றியண்ணன் பேருக்கு எதுத்தாப்புல கடைசி, கடைசின்னு வாராவாரம் பாக்க எனக்கு ஒருமாதிரி இருந்துச்சு. அதான் இன்ஜின்ல ஒண்ணு..."

"அவன் வண்டி, அவன் செட்டிங். நீ நவுத்தி வுடத்தான் ஏறினே. கண்ணாடிய மாத்தி வெக்கறதுக்கா ஏறினே? பேமானி." சௌக்கத் அலி எழுந்தே விட்டார். "வரிசைல எவனாச்சும் அடுத்தவன் சீட்ட முன்னாடி இழுத்து வெப்பானாடா?"

"வுடுங்க பாய்" என்றாள் ரோஸ்மேரி. "கடசியா வர்றது அவருக்கும் புடிக்காது."

அதைச் சொன்னதும் தானும் எல்லாரையும்போல அவனுக்காகப் பேசுகிறோம் என்று உறைத்தது. அவனுக்குப் பிடிக்குமோ, பிடிக்காதோ. கடைசியில் வந்துகொண்டே சந்தோஷமாக இருந்தவனின் கார் மாதிரித்தான் அந்த நீலக் கார் இருந்தது.

அவள் ஹென்றியின் போனைப் பையிலிருந்து எடுத்தாள். மூன்று பாகங்களும் மூன்று பெட்டிகளில் சுழன்றுகொண்டிருந்தன. "இதுக்கும்தான் வந்தேன். சாயங்காலத்துக்குள்ள எடுக்கணுமாம். அவரு எத்த எடுத்திருப்பாரு?"

"அத்த மட்டும் நாங்க தொடல. அவன் எடுக்க வேண்டியது, எப்பிடித் தொடறது?" என்றார் சௌக்கத் அலி. "ஆனா கேட்டதால சொல்றேன், பிரேக்குதான். வேற பேச்சே இல்ல. எத்தினி வருசமா அவனப் பாக்கறேன். வண்டில ஏறினா மொதல்ல பிரேக்கத்தான் மிதிச்சுப் பாப்பான். அப்பறந்தான் சாவி."

"இல்ல எக்கா, டர்போ" என்றான் ஜோபின். "எங்கிட்ட வாயால சொன்னாரு. 'ஜோபினு, டர்போ மட்டும் வரட்டும், ஒன்ன நசுக்கிட்டுப் போயிடுவேன்'னு. முந்தின நாள் சாப்பிட்டுட்டிருக்கும்போ சொன்னாரு. இதே ஸ்டவ்வுதான்."

"ஒன்ன வெறுப்பேத்தறதுக்குச் சொல்லியிருப்பான்."

"உங்களுக்குத் தெரியாது பாய். உங்ககிட்ட அவரு அடக்கமா பேசுவாரு. எங்ககிட்டதான் கூத்து."

இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். ரோஸ்மேரி கேட்டுக்கொண்டிருந்தாள். பிரேக்கை மிதித்துப் பார்க்கிற ஹென்றியும், சின்னப் பையனை நசுக்குவேன் என்று சவால் விடுகிற ஹென்றியும், இரண்டு பேருமே அவளுக்குப் புதிது இல்லை. ஆனாலும் வீட்டில் அவ்வளவாக வந்துபோகாதவர்கள். வீட்டுக்கு வந்தவன் பேச்சு குறைந்தவன். வெயில் கன்டெய்னர்மேல் பட்டு அவள் முகத்தில் அடித்தது.

"ஒரு ரவுண்டு நீயே ஓட்டிப் பாரேன் தங்கச்சி" என்றார் சௌக்கத் அலி, அவள் முகத்தைக் கவனித்து. "ஓட்டினா உனக்கே தெரியும், எது இல்லன்னு. மேல ஏறி உக்காரு, இங்க அனல் அடிக்குது."

கேபின் உயரம். புடவையைச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஏறினாள். கிளீனர் சீட்டில் உட்கார்ந்தாள். சௌக்கத் அலி ஸ்டியரிங்குக்குப் பின்னால். ஜோபின் ஜன்னலில் தொங்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள்.

பந்தயம் தொடங்கியது. எல்லாக் கார்களும் பறந்துபோயின. நீலக் கார் ஒரு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

"போன சாய்ங்க எக்கா, போன!"

"அண்ணி, லெஃப்ட்டு, லெஃப்ட்டு! சோத்தாங்கை இல்ல, பீச்சாங்கை!"

"பேஜார் பண்ணாதீங்கடா, அதுக்கு ஓட்டத் தெரியாது."

கார் சுவரில் தேய்ந்தது. விளக்குக் கம்பத்தை முட்டியது. எதிர்த்திசையில் திரும்பி நின்று, கொஞ்ச தூரம் வந்த வழியே போனது. "வூட்டுக்குத் திரும்பிப் போவுதுடோய்" என்று யாரோ சொல்ல, ஜன்னலில் தொங்கியவர்கள் ஓவென்று சிரித்தார்கள். ரோஸ்மேரிக்கும் உதடு கோணியது. போனை மடியில் வைத்தாள். எது இல்லை என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாமே இல்லை போலத்தான் இருந்தது.

அப்போது முன்னால் ஒரு ஹாரன் கேட்டது. வரிசை நகர்ந்தது. தலைகள் எல்லாம் அவரவர் வண்டிக்கு ஓடின. ஜோபின் ஸ்டவ்வை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

சௌக்கத் அலி சாவியைத் திருப்பினார்.

ரோஸ்மேரி இதற்குமுன் ஓடுகிற ட்ரெய்லரில் உட்கார்ந்ததில்லை. இன்ஜின் பிடித்ததும் கீழேயிருந்து ஒரு உதறல் கிளம்பி, சீட்டுக்குள் ஏறி, இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்தது. பிறகு முதுகில் ஏறியது. பல் கிட்டித்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அடிமுதுகில் யாரோ குத்தியதுபோல் இருந்தது. சௌக்கத் அலி தனக்குக் கீழே மடித்த போர்வையும் அதன்மேல் ஒரு ரப்பர் மெத்தையும் போட்டிருந்தார். வண்டி ஒரு வண்டி நீளம்தான் போயிருக்கும். நின்றது. இன்ஜினை அணைத்த பிறகும் அவள் தொடை கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹென்றி டியூட்டி முடித்து வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டான். சட்டையைக் கழற்றிப்போட்டுச் சிமெண்ட் தரையில் குப்புறப் படுப்பான். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் அவன் இடுப்பில் ஏறி நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் கீழ. ஆங். அங்கதான். ஏறி நில்லு, பயப்படாத." எலும்பில் ஒரு சொடக்கு விழும். அவனிடமிருந்து ஒரு சத்தம் வரும், வலியா சுகமா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். பிறகு அப்படியே தூங்கிப்போவான். முகத்தில் தரையின் சொரசொரப்பு பதிந்திருக்கும். அந்த முதுகில் எங்கே அமுக்கினால் எந்தக் கால் இழுக்கும் என்பது அவள் உள்ளங்காலுக்குத் தெரியும். இந்த வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரியாது.

"பாய், இந்த மூணாவது, சஸ்பென்ஷன். அது இன்னா பண்ணும்?"

"குலுக்காம போவும். பந்தயத்துக்கு ஒண்ணியும் ஆவாது தங்கச்சி. எவனும் அத்த எடுக்க மாட்டான்."

அவள் அதை அமுக்கினாள்.

நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். மற்ற இரண்டு பெட்டிகளும் மூடிக்கொண்டு மறைந்தன.

ஸ்டவ்வோடு திரும்பி வந்த ஜோபின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எக்கா!" என்று தலையில் கைவைத்தான். "அத யாராவது எடுப்பாவளா? டர்போ போச்சே!"

"பிரேக்கும் போச்சு" என்றார் சௌக்கத் அலி. பிறகு அவள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அவன் இத்தத்தான் எடுத்திருப்பான்னு நெனைக்கிறியா?"

"இல்ல பாய். அவரு இருந்தா டர்போதான் எடுத்திருப்பாரு. ஜோபின் சொல்றது சரின்னுதான் தோணுது."

"பின்ன?"

"அவரு முதுக நான் பாத்திருக்கேன்."

சௌக்கத் அலி ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். முன்வண்டியின் பின்பக்கக் கதவைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஜோபின் தன் இடுப்பைத் தானே ஒரு முறை தடவிக்கொண்டான்.

திரையில் நீலக் கார் ஒரு மேடைமேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பாகம் மாட்டுகிற வேலை நடப்பதாகவும் நாளைக் காலைதான் முடியும் என்றும் எழுதியிருந்தது. அதுவரை யாரும் அந்த வண்டியை எடுக்க முடியாது.

சௌக்கத் அலி தன் போனை எடுத்தார். மூலையில் கண்ணாடி உடைந்த போன். அதே விளையாட்டைத் திறந்து, ஹென்றியின் பெயர் இருக்கும் பக்கத்துக்குப் போனார். "இனிமே நாங்க உள்ள வர்றது சரியில்ல. உன் கைக்கு வந்துடுச்சு. நான் வெளியேறிடறேன். நீயே வாரத்துக்கு ஒரு தபா ஓட்டினாப் போதும், பேரு நிக்கும்."

அதைச் சொல்லிவிட்டும் அவர் விரல் அந்தப் பொத்தானில் படாமல் மேலேயே நின்றது. ரோஸ்மேரி அந்த விரலைப் பார்த்தாள். மூட்டு வீங்கிய, கிரீஸ் ஏறிய விரல். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் கேட்க வந்ததே இதைத்தான்: வெளியே போங்கள், இனி அதைத் தொடாதீர்கள். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள்.

"வேணாம் பாய்."

"இல்ல தங்கச்சி, காலைல உனக்கு எப்டி இருந்திருக்கும்னு..."

"இருந்துச்சு. வயிறு எரிஞ்சுச்சு. ஆனா என்னால முடியாது பாய். காலைல கடைக்குப் போவணும், வந்தா வூட்டு வேல. வாராவாரம் இத்த எடுத்து வெச்சிகினு சுவத்துல முட்டிகினு இருக்க எனக்குத் தெம்பில்ல. நீங்க எப்பிடியும் இங்கதான் நிக்கப் போறீங்க. நீங்களே ஓட்டுங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நான் போட்டத மட்டும் கழட்ட வேணாம். இவன்கிட்ட சொல்லி வெய்ங்க."

"இவன் தொடட்டும், கைய ஒடச்சிடறேன்" என்றார் சௌக்கத் அலி. போனைக் கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். கொஞ்சம் அவசரமாகவே செருகினார், அவள் மனம் மாறிவிடுமோ என்பதுபோல.

"சாப்பிட்டுப் போங்க எக்கா. குழம்பு கொதிக்கணும், அவ்ளவுதான்" என்றான் ஜோபின். "ரெண்டு தடவ எடம் மாறிட்டு, அதான் நேரமாவுது."

"இன்னொரு நாள் வரேம்பா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படி எட்டாமல் கால் தடுமாற, ஜோபின் கையைக் கொடுத்தான். வண்டிகளின் ஓரமாக நடந்தாள். ஒரு கேபினில் ஒருவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டும்போது அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தாள். இறங்கியது. ஏறியது. நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் கூரை இல்லை. பக்கத்தில் பூட்டிக் கிடந்த கடையின் படியில் கொஞ்சம் நிழல் இருந்தது. அதில் உட்கார்ந்து, காலை நீட்டி, இடுப்பைக் கதவில் சாய்த்தாள். அவள் வீடிருக்கும் ராயபுரம் பக்கம் போகிற பஸ் வந்தது. உள்ளே இடமும் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் அவளைப் பார்த்து, வருகிறாளா என்று தலையை ஆட்டிக் கேட்டான். இல்லை என்று கையசைத்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்ததில் போகலாம்.